சொல்லும் பொருளும்: சுக்ரோஸ்

இருமல் மருந்துப் புட்டியிலும் சத்துமாவு டப்பாவிலும் ‘சுக்ரோஸ்’ என்ற சொல்லைக் கண்டிருப்பீர்கள். அது நம் அடுக்களைச் சீனியேயன்றி வேறன்று.

அரபியின் ‘சுக்கர்’ பிரெஞ்சு மொழியில் ‘சூக்ர்’ ஆயிற்று. அதனுடன் சர்க்கரை இனத்தைச் சுட்டும் ‘ஓஸ்’ என்னும் ஈறு சேர, 1857இல் இப்பெயர் பிறந்தது. நாம் வழங்கும் ‘சர்க்கரை’யும் அரபியின் ‘சுக்கரு’ம் ‘சர்க்கரா’ என்னும் ஒரே வடசொல்லின் வழிவந்தவையே.

குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இணைந்தது சுக்ரோஸ். குடலில் அவை பிரிந்து இரத்தத்தில் கலக்கின்றன. டெக்ஸ்ட்ரோஸ் என்பதோ குளுக்கோஸின் மறுபெயர்.

ஆகவே, நீரிழிவுற்ற பெற்றோருக்குப் பண்டமோ மருந்தோ வாங்குகையில், ‘சீனி’ என்ற சொல் இல்லையே என்று நிம்மதி கொள்ளாதீர்கள். சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோஸ் என்ற பெயர்கள் உள்ளனவா என்றும் பாருங்கள். இருப்பின், மருத்துவரைக் கேட்ட பின்னரே கொடுங்கள்.