கழுத்தில் கட்டி இல்லை என்றால்...

ராஜா அண்ணாமலைபுரத்துக்காரர்களுக்கு கேன்சர் ஆஸ்பத்திரி என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம். திரு.வி.க. பாலத்தைத் தாண்டினால் அடையாறு. முத்துலட்சுமி ரெட்டி 1954ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த கேன்சர் இன்ஸ்டிட்யூட் அங்கேதான் இருக்கிறது. ஆட்டோ பிடித்தால் பத்துப் பதினைந்து நிமிடம். அதே ஆஸ்பத்திரிக்கு விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வருபவர்களும் உண்டு. இந்த தூர வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நாக்கின் ஓரத்திலோ கன்னத்தின் உள்பக்கமோ ஒரு சின்னப் புண். பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிடுகிறது. அடுத்து டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார். நெறி கட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. வாயிலிருந்து இந்த நோய் முதலில் போய் உட்காரும் இடம் கழுத்தில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள். அங்கே பரவிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது பழைய கணக்கு. சரி, கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்போது டாக்டர், "வாயோடு சேர்த்து கழுத்தையும் ஆபரேஷன் செய்யணும்" என்கிறார். "அங்கேதான் ஒண்ணுமே இல்லையே சார், எதுக்கு வெட்டணும்?" என்று கேட்காத குடும்பம் இருக்காது.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலிருந்தே.

மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 2004 முதல் 2014 வரை ஒரு ஆய்வு நடந்தது. வாயில் ஆரம்பக் கட்டப் புற்றுநோய், கழுத்தில் கட்டி எதுவும் இல்லை. இப்படிப்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முதல் ஆபரேஷனிலேயே கழுத்து முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். மறுபாதிக்கு வாயில் மட்டும் ஆபரேஷன். கழுத்தில் கட்டி வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். 2015ல் 500 பேரின் முடிவு வெளியானது. மூன்று வருட முடிவில் முதல் பிரிவில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், இரண்டாவதில் 67.5 சதவீதம். அதாவது, சுமார் எட்டு பேருக்கு முன்கூட்டியே கழுத்து ஆபரேஷன் செய்தால் ஒரு உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது. புற்றுநோய் சிகிச்சையில் இது சாதாரண வித்தியாசம் இல்லை.

இதில் யோசிக்க வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. காத்திருந்தவர்களை அம்போ என்று விட்டுவிடவில்லை. ஆரம்ப மாதங்களில் நாலு வாரத்துக்கு ஒருமுறை வரவழைத்து கழுத்தைப் பார்த்தார்கள். அப்படியும் கட்டி தட்டுப்பட்டபோது பலருக்கு நோய் முற்றியிருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வுக்குள்ளேயே இந்த நிலை என்றால், விழுப்புரத்திலிருந்து கூலியை விட்டுவிட்டு மாதாமாதம் பஸ் ஏற வேண்டியவரின் கதி? "பார்த்துக்கொள்ளலாம்" என்பது பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கே சரிப்படாத வைத்தியம். தூரத்திலிருந்து வருபவரிடம் அதைச் சொல்வது அநியாயம்.

"இப்போதுதான் ஸ்கேன் எல்லாம் இருக்கிறதே" என்பார்கள். சி.டி.யில் முடிச்சு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வந்தால்தான் பொதுவாகச் சந்தேகப்படுவார்கள். இரண்டு மில்லிமீட்டருக்குள் ஒளிந்திருக்கும் நோயை அது காட்டாது, பெட் ஸ்கேனும் பெரும்பாலும் காட்டாது. தலைகீழாகவும் நடக்கும்: சொத்தைப் பல்லுக்குக்கூட நெறி கட்டும். (புகையிலை போடுபவர்களின் பல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.) அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே சந்தேகமான முடிச்சில் ஊசி போட்டு எடுத்துச் சோதிப்பது செலவு குறைவான நல்ல முறை. ஆனால் ஊசியில் நோய் வந்தால் அதை நம்பலாம். வரவில்லை என்றால் கழுத்து சுத்தம் என்று அர்த்தமில்லை.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். அதே ஆய்வில் முன்கூட்டியே எடுத்த கழுத்துகளில் சுமார் 30 சதவீதத்தில்தான் நோய் இருந்தது. மீதி 70 பேருக்கு வெட்டியது வீண்தானே? 1906ல் ஜார்ஜ் கிரைல் எழுதிய காலத்து ஆபரேஷன் என்றால், தசை, பெரிய ரத்தக்குழாய், தோளை உயர்த்தும் நரம்பு எல்லாம் சேர்ந்து போகும். இப்போது அவற்றை விட்டுவிட்டு முடிச்சுகளை மட்டும் எடுக்கிறார்கள். இருந்தாலும் அந்த நரம்பு இழுபட்டாலே கொஞ்ச நாள் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. சட்டை மாட்டுவதே கஷ்டம். இதை முதலிலேயே சொல்லி பிசியோதெரபிக்கும் அனுப்புவது டாக்டரின் கடமை. ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும் புண்களில் பலன் அவ்வளவு தெளிவாக இல்லை, ஆகவே எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்வதும் தவறு.

அந்த 70 பேரைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. புண்ணைச் சுற்றி கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் முடிச்சை மட்டும் கருவியால் தேடி எடுப்பது. காவல் முடிச்சு என்று சொல்லலாம். அதில் நோய் இல்லை என்றால் கழுத்தை அப்படியே விட்டுவிடலாம். 2020ல் பிரான்சிலும் 2021ல் ஜப்பானிலும் வந்த ஆய்வுகளில் உயிர் பிழைப்பது முழு ஆபரேஷனுக்கு இணையாகவே இருந்தது, தோள் வலியும் குறைவு. ஆனால் அதற்கு நியூக்ளியர் மெடிசின் வேண்டும், அந்தக் கருவி வேண்டும், முடிச்சை மெல்லிய சீவல்களாகச் சீவி ஒவ்வொன்றாகப் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஊரில், "நாங்கள் குறைவாக வெட்டுகிறோம்" என்று சொல்வதில் பெருமை எதுவும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து பயாப்ஸி ரிப்போர்ட் வரும். எத்தனை முடிச்சு எடுத்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது, முடிச்சின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா என்று அதில் எழுதியிருக்கும். ரேடியேஷன் வேண்டுமா, கூட கீமோவும் வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று வரிதான் முடிவு செய்யும். நிறைய வீடுகளில் அந்தக் காகிதம் மடித்தபடியே ஃபைலுக்குள் கிடக்கிறது. அடுத்த தடவை போகும்போது அதை வெளியே எடுத்து, "இது என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேளுங்கள்.