சிறு கீறல் என்றால் சிறு ஆபத்தா?

நுண்துளை முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையில் கீறல் சிறியது, ஆகவே ஆபத்தும் சிறியது என்ற வாதம் தோலோடு நின்றுவிடுகிறது. தசைச் சேதமும் ரத்த இழப்பும் குறைவு, கிருமித்தொற்றும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் நரம்பு வேரும் தண்டுவட உறையும் எந்த முறையிலும் அதேதான். குறுகிய குழாய் வழியே பார்வையும் கை அசைவும் சுருங்குகின்றன. உறை கிழிந்து மூளைத் தண்டுவடத் திரவம் கசிந்தால், அந்த இடுக்கில் தையல் போடுவது கடினம். எலும்புகள் கண்ணுக்கு நேரே தெரியாததால் எக்ஸ்ரே படத்தை நம்பியே கருவி நகர்கிறது, அதனால் கதிர்வீச்சும் கூடும். படத்தில் முள்ளெலும்பைத் தவறாக எண்ணினால் எலும்புகளுக்கு இடையே உள்ள வேறு வட்டில் கை வைக்க நேரும்.

நெதர்லாந்தில் 328 நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, இடுப்பு வட்டுப் பிதுக்கத்துக்குக் குழாய் முறையை வழக்கமான நுண்ணோக்கி முறையுடன் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் குழாய் முறை மேலானதாக இல்லை. கால்வலி, முதுகுவலி விஷயத்தில் சற்றுப் பின்தங்கவே செய்தது. இந்த நுட்பத்தில் கை பழக நாளாகும். தொடக்க காலத்தில்தான் சிக்கல்கள் அதிகம். எனவே, தழும்பின் நீளத்தை விசாரிக்கும் நோயாளி, மருத்துவர் இதே முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்பதையும் அவசியம் கேட்க வேண்டும்.