தடுப்பூசியின் பலன்: கணக்கு முடியும் இடம் மருத்துவமனை

புதுதில்லி: கோவாக்சின் தடுப்பூசியின் பலன் 77.8 சதவீதம் என்றது ஓர் ஆய்வு. 50 சதவீதம் என்றது மற்றொன்று. 69 சதவீதம் என்றது மூன்றாவது. கரோனா இரண்டாம் அலையை ஒட்டி வெளியான இந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான விடை.

சுமார் 25,800 தன்னார்வலர்களிடம் நடந்த மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவே 77.8 சதவீதம். அறிகுறியுடன் கூடிய தொற்றைத் தடுக்கும் திறனை அது குறித்தது. 2021 ஏப்ரல் 15 முதல் மே 15 வரை, டெல்டா வகைத் தீநுண்மி உச்சத்தில் இருந்தபோது, அறிகுறிகளுடன் பரிசோதனைக்கு வந்த தில்லி எய்ம்ஸ் ஊழியர்கள் 2,714 பேரை ஆராய்ந்தபோது கிடைத்தது 50 சதவீதம். நோயாளிகளிடையே நாள்தோறும் பணியாற்றியவர்கள் அவர்கள்.

அதே ஆண்டு மே முதல் ஜூலை வரை 11 மருத்துவமனைகளில், 45 வயதைக் கடந்தவர்களுக்கு நோய் தீவிரமடைவதைத் தடுக்கும் திறனை மட்டும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்கிட்டது. இரண்டு தவணைக்குப் பின் கோவாக்சினுக்கு 69, கோவிஷீல்டுக்கு 80 சதவீதம் எனத் தெரியவந்தது.

மருத்துவமனை ஏன்?: மூன்றாம் கட்டப் பரிசோதனையில் நோய் தீவிரமடைந்தவர்கள் மொத்தம் 16 பேரே. அவர்களில் தடுப்பூசி பெற்றவர் ஒருவர். இதிலிருந்து 93.4 சதவீதம் எனக் கணக்கிட்டாலும், இத்தனை சிறிய எண்ணிக்கையைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. தீவிர பாதிப்பு அரிதானது என்பதால், அதை மருத்துவமனைகளில்தான் அளக்க முடியும்.

மூச்சுத் திணறலுடன் சேர்ந்தவர்களில் தொற்று உறுதியான 100 பேரில் 20 பேரும், தொற்று இல்லாத 100 பேரில் 50 பேரும் தடுப்பூசி பெற்றவர்கள் எனக் கொள்வோம். முதல் பிரிவில், பெற்றவர்கள் பெறாதவர்களில் நான்கில் ஒரு பங்கு. இரண்டாவதில் இரு தரப்பும் சமம். எனவே பலன் 75 சதவீதம். இரு பிரிவினரும் ஒரே மாதிரியான உபாதையுடன் சிகிச்சை நாடி வந்தவர்கள் என்பதால், உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்களே தடுப்பூசியும் போட்டுக்கொள்கிறார்கள் என்பதால் நேரும் பிழை பெருமளவு குறைகிறது.

பதிவேடு தேவை: இக்கணக்கின் அடிப்படை, யார் எப்போது தடுப்பூசி பெற்றார் என்னும் நம்பகமான பதிவு. கரோனா காலத்தில் கோவின் தளம் அதை அளித்தது. அதனைப் பரிசோதனைப் பதிவுகளுடன் இணைத்தே, இரண்டு தவணை மரணத்தை 97.5 சதவீதம் தடுப்பதாக 2021 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது.

இன்ஃபுளுயன்ஸா தடுப்பூசிக்கு இத்தகைய கணக்கு இன்னும் அவசியம். தீநுண்மி மாறிக்கொண்டே இருப்பதால், அதன் கலவையை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிசீலிக்கிறது. கடந்த ஆண்டின் பலன் இவ்வாண்டுக்குப் பொருந்தும் எனக் கொள்ள இயலாது. ஆனால், நமது தேசியத் தடுப்பூசித் திட்டம் பெரும்பாலும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மையமாகக் கொண்டது. முதியவர் தம் செலவில் போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பெரும்பாலும் அவர் கையில் உள்ள சீட்டே சான்று.

பெரியவர்களுக்கான தடுப்பூசிகளையும் பதிவேட்டில் சேர்த்து, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் கணக்கெடுப்பதே இதற்குத் தீர்வு. முதியோருக்கு எந்தத் தடுப்பூசியை அரசு இலவசமாக வழங்க வேண்டும் என்ற முடிவை அதன் பின்னரே ஆதாரத்துடன் எடுக்க இயலும்.