78 மணி நேரம்

எம்.பி.பி.எஸ். படிக்கிற பிள்ளைகள் இப்போது கிராமத்தில் குடும்பங்களைத் தத்தெடுக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஒரு மாணவருக்கு மூன்று முதல் ஐந்து குடும்பங்கள். முதல் கட்டப் படிப்பில் 9 தடவை, 27 மணி நேரம். இரண்டாம் கட்டத்தில் 10 தடவை, 30 மணி. மூன்றாம் கட்டத்தில் 7 தடவை, 21 மணி. கூட்டிப் பார்த்தால் 26 தடவை, 78 மணி நேரம் வருகிறது. போனது வந்தது எல்லாம் லாக் புக்கில் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

தத்தெடுப்பு என்ற சொல்தான் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு. பதினெட்டு வயசுப் பையன், எழுபது வயசுப் பாட்டி இருக்கிற வீட்டைத் தத்தெடுக்கிறானாம். வெயிலில் வந்த பிள்ளைக்கு மோர் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைப்பது பாட்டிதான். யார் யாரைத் தத்தெடுத்தது?

யோசனை புதிதல்ல. மருத்துவ மாணவனுக்குச் சமூக மருத்துவத்தில் பயிற்சி வேண்டும் என்று 1946லேயே போர் கமிட்டி சொன்னது. 1977ல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஒன்றியங்களைப் பொறுப்பேற்கட்டும் என்று மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. ஒன்றியம் என்பது பெரிய வட்டம், அதில் யார் எந்த வீட்டுக்குப் பொறுப்பு என்று சொல்ல முடியாது. இப்போது அது குடும்பம் என்ற அளவுக்குச் சுருங்கியிருப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

"சேவைக்கு மணிக்கணக்கா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடும் பிள்ளைகளும் செய்த தொண்டுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதித்தான் கொடுக்கிறார்கள். கணக்கு வைக்காவிட்டால் உடற்கூறு பாடமும் பரீட்சையும் அந்த நேரத்தைத் தின்றுவிடும். 78 மணி நேரம் என்பது எட்டு மணி வேலையாகப் பார்த்தால் பத்து நாள்கூட முழுசாக இல்லை. அதையும் எழுதி வைக்காமல் விட்டால் மிஞ்சுவது சைபர்தான். ஆக, கணக்கு இருக்கட்டும். அது யாருடைய கடிகாரத்தைப் பார்த்துப் போடுகிற கணக்கு என்பதில்தான் எனக்குப் பேச்சு.

நம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர், போடி எங்கும் விடியுமுன்னே ஜீப் கிளம்பிவிடும். கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். கல்லூரி வேலை நேரத்தில் ஒரு மாணவன் போய்க் கதவைத் தட்டினால் பூட்டுத்தான் இருக்கும், அல்லது கிழவனும் குழந்தையும் இருப்பார்கள். பிரஷர் பார்க்க வேண்டிய நாற்பது வயசுப் பெண் மலையில் இருப்பாள். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தலுக்கடியில் நிற்பார். மாணவனுக்கு மூன்று மணி நேரம் வரவாகிவிடும். அந்த இருவரைப் பொறுத்தவரை யாரும் வரவே இல்லை.

அதனால் இந்த 26 தடவையில் பாதியாவது ஞாயிற்றுக்கிழமையோ பொழுது சாய்ந்த பிறகோ இருக்க வேண்டும். மாணவர்களுக்குச் சிரமம்தான். கூட்டிப் போக வண்டி, கூட ஒரு ஆசிரியர், பெண்பிள்ளைகள் பத்திரமாக விடுதி திரும்ப வழி என்று பல வேலை இருக்கிறது. நேரத்தை நிர்ணயிக்கிற இடத்தில் இருப்பவர்கள்தான் அதற்கும் வழி செய்ய வேண்டும்.

இன்னொன்று. நம் வயசுக்காரர்களுக்கு மலேரியா ஒழிப்புக் காலம் ஞாபகம் இருக்கும். 1958ல் தொடங்கிய திட்டம். பதினைந்து நாளைக்கு ஒருதரம் ஆள் வருவார், காய்ச்சல் உண்டா என்று கேட்பார், இருந்தால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடியில் எடுப்பார், மாத்திரை கொடுப்பார். போகும்போது வாசல் சுவரில் அச்சுக் குத்திய கட்டத்துக்குள் தேதி எழுதிவிட்டுப் போவார். வெள்ளையடிக்கும்போது அதை அழித்துவிடக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரே கண்டிப்பு. அந்த ஆள் வந்தாரா இல்லையா என்பதற்குச் சாட்சி சுவர். மேலதிகாரி பார்க்கலாம், எழுத்துத் தெரிந்த எவரும் பார்க்கலாம்.

இன்றைய லாக் புக் மாணவனின் பையோடு வந்து பையோடு போய்விடுகிறது. படிப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளை ஊருக்குப் போய்விடும். மூன்று வருடம் எழுதிய பிரஷரும், ரத்தசோகை அளவும், பாட்டிக்குப் பார்வை மங்கியதும் அதோடு போய்விட்டால், அடுத்து வருகிறவன் முதலிலிருந்து "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்க வேண்டியதுதான்.

எனவே வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள் என்கிறேன். மாணவன் லாக் புக்கில் எழுதுவதைத் தமிழில் நாலு வரி அதிலும் எழுதட்டும்: தேதி, யாரைப் பார்த்தேன், அளவு என்ன, என்ன வேலை செய்கிறார், என்ன சொன்னேன், அடுத்து எப்போது வருவேன். வீட்டுக்காரர் கையெழுத்தோ ரேகையோ போடட்டும். அந்தக் கையெழுத்து இல்லாத மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நர்ஸம்மா வந்தாலும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வந்தாலும் அதே நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம். கர்ப்பிணி அட்டையை ரேஷன் கார்டோடு மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருக்கிற ஊர் இது. நோட்டுத் தொலைந்துபோகும் என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம்.

2004ல் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்னால் பெரிய வியாதி எதுவானாலும் மதுரை பெரியாஸ்பத்திரிதான் நமக்கு. இப்போது படிக்கிற பிள்ளைகள் நம் வாசலுக்கே வருகிறார்கள். வருகிற பிள்ளையிடம் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்காவிட்டால் பேரப்பிள்ளையின் பழைய நோட்டில் மீதியிருக்கிற தாள்களை நீட்டி, "இதுல எழுதிட்டுப் போப்பா" என்று சொல்லுங்கள்.