ஒனெஷ்டியின் கூடமும் ஒலிம்பிக் பதக்கமும்

1976 ஜூலை 18. மான்ட்ரியல் ஒலிம்பிக் அரங்கில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி இரட்டைக் கம்பியில் சுழன்று இறங்கினாள். மதிப்பெண் பலகையில் விழுந்த எண் 1.00! பத்துக்கு ஒன்றா என்று திகைத்தது கூட்டம். பத்துக்குப் பத்து எவரும் வாங்கப்போவதில்லை என்று எண்ணியே செய்யப்பட்ட பலகை. அந்த எண்ணைக் காட்ட அதற்கு வழியே இல்லை. ருமேனியாவின் நாடியா கொமனெச்சி அந்தப் போட்டிகளில் ஏழு முறை பத்து வாங்கினாள். மூன்று தங்கம் வென்றாள்.

பிறவி மேதை என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, அந்த மேதை பிறந்த ஊர் எது? ஒனெஷ்டி, எண்ணெய் ஆலையும் இரசாயன ஆலையும் நிறைந்த தொழிலாளர் நகரம். தந்தை யார்? மோட்டார் மெக்கானிக். மெக்கானிக் வீட்டு மகளுக்குக் கம்பியும் மெத்தையும் ஆசிரியரும் எங்கிருந்து வந்தன? அந்த ஊரில் ஜிம்னாஸ்டிக்சுக்கென்றே அரசு நடத்திய பள்ளியிலிருந்து வந்தன. அது இல்லையேல் அந்தத் திறமை தெருவிலேயே தேய்ந்திருக்கும். யார் அறிந்திருப்பார்கள்?

இரண்டு கோடி மக்கள்கொண்ட நாடு. 1976 முதல் 2012 வரை நடந்த பத்து ஒலிம்பிக்கிலும் அதன் பெண்கள் அணி பதக்கமின்றித் திரும்பியதில்லை. 1984, 2000, 2004 ஆகிய மூன்று முறை தங்கம்! 1994 முதல் 2001 வரை உலக அணிப் பட்டம் தொடர்ந்து ஐந்து முறை.

1989 டிசம்பரில்தான் ஆட்சி கவிழ்ந்துவிட்டதே, அதற்குப் பிறகும் வென்றார்களே என்று கேட்பீர்கள். வரத்துக் கால்வாய் தூர்ந்த பிறகும் ஏரியில் இரண்டு போகத்துக்குத் தண்ணீர் நிற்குமல்லவா? அதுதான் நடந்தது. பணம் சுருங்கிற்று, பயிற்சியாளர் பலர் வெளிநாடு போயினர், புதிய சிறுமிகள் வருவது குறைந்தது. 2015 உலகப் போட்டியில் 13-ஆம் இடம். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு அணியே தேறவில்லை. 2004-ல் மூன்று தங்கம் வென்ற கத்தலினா பொனோர், 28 வயதில், தம் நாட்டுப் பெண்கள் சார்பில் தன்னந்தனியாக அங்கே நின்றார்.

ஆனால் கூடம் கட்டிய அதே அரசு, அந்தச் சிறுமியின் பின்னால் இரகசியப் போலீசையும் அனுப்பியது. பேலா கரோலியின் கூடத்தில் குழந்தைகள் அடிபட்டதையும் பட்டினி கிடந்ததையும் அந்தப் போலீசின் கோப்புகளே சொல்கின்றன. ஆட்சி மாறிய பிறகும் கை மாறவில்லை: 1993-ல் 11 வயதுச் சிறுமி ஒருத்தி பயிற்சியாளர் அடித்த அடியில் மாண்டாள், அவர் சிறை சென்றார். கூடத்தைப் புகழும் நாம் இதை மூடி மறைப்பது அழகல்ல. அடி இல்லாமல் பதக்கம் ஏது என்று வாதிடுவோரும் உண்டு. சாட்டையை வீசினால் கம்பியும் மெத்தையும் முளைத்துவிடுமா? 1989-க்குப் பின் குறைந்தது சாட்டையா, பணமா? எண்ணிப் பாருங்கள்.

2024 பாரிசில் ஆனா பர்போசு வெண்கலம் தமக்கே என்று கொடியேந்தி நின்றார். அமெரிக்கப் பெண்ணின் மதிப்பெண் 0.1 உயர்த்தப்பட்டது; கொடி கைநழுவ, அழுதபடி வெளியேறினார். அமெரிக்கர் முறையீடு நான்கு வினாடி தாமதம் என்று விளையாட்டு நடுவர் மன்றம் சொல்லவே, சில நாள் கழித்துப் பதக்கம் புக்கரெஸ்டில் அவர் கைக்கு வந்தது. வழக்கு அதோடு ஓயவில்லை. உலகம் அந்த நான்கு வினாடியைப் பேசிற்று. அதே பாரிசில் ருமேனியா அணிக்குக் கிடைத்த ஏழாம் இடத்தைப் பேசியவர் சிலரே. எம் கணக்கில் பெரியது அதுதான்: ஒலிம்பிக் அரங்கினுள் 12 ஆண்டுகளுக்குப் பின் ருமேனியாவின் ஐந்து பெண்கள் ஓர் அணியாக நடந்து வந்தார்கள்.