பிழைத்தால்தானே திருந்த முடியும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹெரோயின் அளவு மீறினால் மூச்சு மெல்ல அடங்கிவிடும். 1990 இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் மொனராகலைத் தோட்டப் பாதைகளில் ஏறி வரும்வரை, பக்கத்து லயத்தார்தான் உயிரைப் பிடித்து வைக்க வேண்டும். மூச்சை மீட்கும் நலொக்சோன் மருந்தைப் பயிற்சி பெற்ற பொதுமக்களும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2014இலேயே பரிந்துரைத்தது.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, தோட்டத்து இளைஞர் கழகங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் சிறு நிதி ஒதுக்கட்டும். முதலுதவிப் பயிற்சி, தமிழில் துண்டுப்பிரசுரம், கைக்கெட்டும் தூரத்தில் மருந்து. இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை.

பொலிஸுக்குப் பயந்து பிள்ளையை மறைக்கும் தாய்மாரிடம், ஆலோசனைக்கு 1927 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது என்று சொல்லவும் ஆள் வேண்டும். பிள்ளை பிழைத்தால்தானே திருந்த முடியும்?

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
மொனராகலை