நிவாரணத் தொகை பதில் ஆகாது!

ஒரு விபத்து நடக்கிறது. மாலைக்குள் ஆட்சியாளர்களின் ஆழ்ந்த இரங்கல் வருகிறது. இரவுக்குள் நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. மறுநாள் இரண்டு அதிகாரிகள் பணியிடைநீக்கம், ஒருவர் இடமாற்றம். மூன்றாம் நாள் ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் விசாரணை ஆணையம். நான்காம் நாள் எதிர்க்கட்சி ஆர்ப்பாட்டம். பத்தாம் நாள் நாடே வேறு செய்திக்குத் தாவிவிடுகிறது. இறந்தவர்களின் வீட்டார் மட்டும் அந்த முதல் நாளிலேயே நின்று கொண்டிருக்கிறார்கள்.

தமிழகத்தில் கடந்த இருபது ஆண்டுகளில் இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்துவிட்டோம்! ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் இடம் மாறின. காட்சி மட்டும் மாறவில்லை. எனவே இது ஒரு கட்சியைத் திட்டுவதற்காக எழுதும் தலையங்கம் அல்ல. நோயின்றி வாழ, ஒழுகாத கூரையின் கீழ் உறங்க, வெளியே போனவர் உயிரோடு வீடு திரும்ப ஒரு குடிமகனுக்கு இருக்கிற உரிமையைப் பற்றியது. இந்த மூன்றையும் தர முடியாத ஓர் அரசு வேறு எதைத் தந்து என்ன பயன்?

வீடா, கல்லறையா?

2014 ஜூன் 28. சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழை மாலையொன்றில் சீட்டுக்கட்டு போலச் சரிந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளிகள். இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டியவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. இடி விழுந்தால் 11 மாடியும் தரைமட்டமாகும் என்றால், அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தது யார்? மண்ணைப் பரிசோதித்தது யார்? பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று அரசே வெடி வைத்துத் தகர்த்தது. கட்டும்போது பாதுகாப்பாகத் தெரிந்த கட்டடம், 61 பிணங்கள் விழுந்த பிறகுதான் ஆபத்தாகத் தெரிந்ததா?

தனியார்தான் இப்படி என்று நினைத்தால், அரசு கட்டிய வீடுகளின் கதையைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் ஏழைகளுக்கென்று கட்டிய அடுக்குமாடி வீடுகளில் விரலால் தொட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. குடிசையை விட்டு வந்தவர்கள் அதைத் தொலைக்காட்சிக்குக் காட்டிய பிறகுதான் ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். பொறியாளர்கள் இருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஓர் உயிரும் போகவில்லை. விரிசலைப் பார்த்த மக்கள் தாங்களாகவே வெளியேறியதுதான் அதற்குக் காரணம். விரிசல் அங்கே குடியிருந்த ஏழையின் கண்ணுக்குத் தெரிந்தது. சம்பளம் வாங்கும் அதிகாரியின் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

பதின்மூன்று மாதத்தில் மறந்த பாடம்

2023 மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் விஷச் சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதில் கலந்திருந்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் பயன்படும் இந்த ரசாயனம் உடலுக்குள் போனால் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும். பிறகு உயிரைப் பறிக்கும். அன்றும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அன்றும் அதிகாரிகள் மீது நடவடிக்கை, கைது, கடும் எச்சரிக்கை எல்லாம் இருந்தன.

சரியாகப் பதின்மூன்று மாதம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். அதே மெத்தனால்! இம்முறை 65-க்கும் மேற்பட்ட உயிர்கள். கூலி வேலைக்குப் போகும் ஏழைகள் வாழும் தெருவில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. ஒரே நேரத்தில் பல பாடைகள் கிளம்பிய அந்தத் தெரு, ஏதோ மலையிடுக்கில் இல்லை. நகரத்தின் நடுவே, காவல் நிலையத்துக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். மீண்டும் 10 லட்சம், மீண்டும் ஆணையம். சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றி 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, மாநில அரசு அதை ஏற்காமல் உச்ச நீதிமன்றம் போனது, அங்கும் தோற்றது.

தண்டனையைக் கூட்டியது நல்லதுதான். ஆனால் முதல் சாவுக்குப் பிறகு, மெத்தனால் எந்தத் தொழிற்சாலையிலிருந்து எந்த லாரியில் எவ்வளவு போகிறது என்ற கணக்கை ஒழுங்காகப் பிடித்திருந்தால் இரண்டாவது சாவு நடந்திருக்குமா? அந்தப் பதின்மூன்று மாதத்தில் என்ன செய்தீர்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்கு 10 லட்சம் ரூபாய் பதில் ஆகாது.

‘குடித்துச் செத்தவனுக்கு மக்கள் பணமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நம் சமுதாயத்திலும் உண்டு. மதுவை நாம் ஹராம் என்கிறோம், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பத்து லட்சம் இறந்தவனுக்கு அல்ல, அவன் விட்டுச் சென்ற விதவைக்கும் அனாதைக்கும் உரியது. இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஒரு கையால் ஊற்றிக் கொடுத்துவிட்டு மறு கையால் கண்ணீரைத் துடைக்கும் ஓர் அரசிடம், குடித்தவனைக் காட்டிலும் கடுமையாகக் கேள்வி கேட்க வேண்டாமா?

மருந்தே நஞ்சானது

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் இருமலுக்கு மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. அந்த ‘கோல்ட்ரிஃப்’ மருந்து தயாரானது எங்கே? நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரத்தில்! தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம் மட்டுமே. ஏறத்தாழ பாதி பாட்டில் நஞ்சு!

மாதிரி கைக்கு வந்த ஓரிரு நாளில் நம் துறை முடிவைச் சொல்லிவிட்டது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தொழிற்சாலைக்குள் பிறகு போன அதிகாரிகள் நூற்றுக்கணக்கான விதிமீறல்களைக் கண்டதாகச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான விதிமீறல்கள் ஒரே இரவில் முளைக்குமா? அதற்கு முன்பு ஆய்வுக்குப் போக வேண்டியவர்கள் எங்கே போனார்கள்? இரண்டு மருந்து ஆய்வாளர்களைப் பணியிடைநீக்கம் செய்தார்கள், உரிமத்தை ரத்து செய்தார்கள், முதலாளியைக் கைது செய்தார்கள். இத்தனையும் குழந்தைகள் மண்ணுக்குள் போன பிறகு.

கேட்டால் நடக்கும்!

‘என்ன கேட்டு என்ன ஆகப் போகிறது?’ என்று சலித்துக் கொள்பவர்களுக்குக் கும்பகோணத்தை நினைவூட்டுகிறோம். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 பிஞ்சுகளைக் கரியாக்கியது. குறுகலான படிக்கட்டு, கீற்றுக் கூரை, ஒரே கட்டடத்தில் அளவுக்கு மீறிய பிள்ளைகள். இவை அனைத்தையும் கண்டும் காணாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தீர்ப்பு வர பத்து ஆண்டுகள் ஆயின. 2014 ஜூலையில் தஞ்சை நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்தது, 11 பேரை விடுவித்தது. 2017-இல் உயர் நீதிமன்றத்தில் மேலும் பலர் விடுதலையானார்கள். பெற்றோரின் வயிற்றெரிச்சலுக்கு நீதிமன்றத்தில் முழு மருந்து கிடைக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பெற்றோரின் கண்ணீரும் ஊரின் கோபமும் சேர்ந்து ஒரு காரியத்தைச் சாதித்தன. தமிழகம் முழுவதும் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. கூரை வேய்ந்த வகுப்பில் படித்த தலைமுறை நம்முடையது. நம் பிள்ளைகளுக்கு அந்த அபாயம் இல்லை. அரசால் முடியும் என்பதற்கு இதுவே சான்று. முடியாமல் இல்லை, நெருக்காமல் செய்வதில்லை.

ஆணையங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டப்படி, ஆணையம் அறிக்கை தந்த ஆறு மாதத்துக்குள் அதையும், அதன் மீது எடுத்த நடவடிக்கையையும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். இது அரசின் விருப்பம் அல்ல, கடமை. ஆனால் ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. எனவே அறிக்கை வந்துவிட்டது என்பதோடு நாம் ஓய்ந்துவிட்டால், அது அலமாரிக்குள் போய்விடும். நோயைப் பரப்புகிறது என்று ஒரு ஆலையை எதிர்த்துத் தூத்துக்குடி மக்கள் திரண்டபோது, 2018 மே 22 அன்று தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டு விசாரித்து, காவல்துறை வரம்பு மீறியது என்று சொல்லி 17 காவல்துறையினரைக் குறிப்பிட்டது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது. 13 பிணங்களுக்கு ஓர் அறிக்கை போதுமா? அறிக்கை என்பது நீதியின் வாசல், நீதி அல்ல.

இளைஞர்களே, வணிகப் பெருமக்களே!

2015 டிசம்பர் வெள்ளத்தில் பள்ளிவாசல் கதவுகளைத் திறந்து வைத்து, படகில் போய் எல்லாச் சமயத்தாரையும் மீட்டவர்கள் நம் இளைஞர்கள். கொரோனா காலத்தில் பெற்ற பிள்ளைகளே தொட அஞ்சிய உடல்களை, முஸ்லிம் என்றும் இந்து என்றும் பாராமல் சுமந்தவர்கள் அவர்கள். அந்தச் சேவைக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனால் வெள்ளம் வந்தபின் படகு ஓட்டுவது சேவை என்றால், வெள்ளம் ஏன் வந்தது என்று கேட்பதும் சேவைதான். அந்த வெள்ளத்தை மனிதத் தவறால் நேர்ந்த பேரழிவு என்று மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கையே கூறியது. 2018 ஜூலையில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, படகு ஓட்டிய நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நிற்கும்போது சாதாரண மனிதர் எழுந்து அவர்களின் ஆடைக்கு எங்கிருந்து துணி வந்தது என்று கணக்குக் கேட்ட வரலாற்றை ஜும்ஆ மேடைகளில் திரும்பத் திரும்பக் கேட்டு உருகுகிறோம். ஆனால் நம் வார்டு கவுன்சிலரிடம், குடிநீர்க் குழாயில் சாக்கடை கலப்பது ஏன் என்று கேட்கத் தயங்குகிறோம். ஆட்சி அமானிதம் என்றால், அமானிதத்தை ஒப்படைத்தவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை, கசந்தாலும் பொறுத்துக் கொள்ளுங்கள். 2019 டிசம்பர் 8 அதிகாலை தில்லி அனாஜ் மண்டியில் பை தைக்கும் பட்டறை இருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 43 பேர் மூச்சுத் திணறி இறந்தனர். பீகாரிலிருந்து வந்து வேலை செய்த இடத்திலேயே படுத்துறங்கிய ஏழைகள் அவர்கள்; பலர் நம் சமுதாயத்துப் பிள்ளைகள். அந்தக் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் சான்று இல்லை. நம் கடைவீதிகளில் படிக்கட்டு முழுக்க அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மின்சார மீட்டருக்குக் கீழேயே சரக்கு வைத்து, வேலைக்காரப் பையன்களை உள்ளே படுக்க வைத்து வெளியே பூட்டுகிற கடைகள் இல்லையா? சான்றிதழைக் காசு கொடுத்து வாங்குபவன், நாளை அரசிடம் கணக்குக் கேட்க முடியாது. கேட்கிற கை சுத்தமாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு ஊரிலும் படித்த இளைஞர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கோப்புத் திறவுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இலிருந்து நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எத்தனை மருத்துவர் பணியிடம் காலி? வாரியக் குடியிருப்பின் உறுதியைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினார்கள்? கேளுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நகரங்களில் பகுதி சபைகள் வந்துவிட்டன. நாற்காலி காலியாகக் கிடக்கும் அந்தக் கூட்டங்களுக்குப் போய் உட்காருங்கள். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். தனியாகப் போகாதீர்கள். அதே குழாயில் தண்ணீர் பிடிக்கும் இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களையும் அழைத்துச் செல்லுங்கள். இடிகிற சுவர் சாதி, சமயம் பார்த்து இடிவதில்லை.

ஆட்சியாளர்களுக்கு நாம் வைப்பது மூன்று கோரிக்கைகள்: ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் எதைச் சரிசெய்தோம் என்பதை ஓராண்டு முடிவில் மக்கள் மன்றத்தில் அறிக்கையாக வையுங்கள். கடைநிலை ஊழியரைப் பலியிட்டு, மேலே கையெழுத்திட்டவரைக் காப்பாற்றாதீர்கள். ஆணையங்களின் பரிந்துரைகளை ஏற்கவில்லை என்றால் ஏன் என்று சொல்லுங்கள்.

ஓட்டுக் கேட்டு வருபவர்கள் இனி வீட்டு வாசலில் நிற்கும்போது சால்வை போர்த்தாதீர்கள், கேள்வியைப் போடுங்கள். இறந்தவர்களுக்காக நாம் செய்யும் துஆவோடு, இருப்பவர்களுக்காக இந்தக் கேள்வியும் சேரட்டும். கேட்கும் சமுதாயமாக எழுவோம், இன்ஷா அல்லாஹ்!